"விமர்சனமா? யார மனே ஏசப் போறீங்க?"
டிஜிட்டல் பண்பாடு, விமர்சனக் கோட்பாடு, சுயாதீன வெளி: ஓர் எளிய விளக்கம்

மட்டக்களப்பின் கல்லடியில், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், பழைய வீடொன்றின் முன் விறாந்தையையும் அதோடு ஒட்டிய அறையையும் நாங்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: "டிஜிட்டல் பண்பாட்டுக்கும் விமர்சனக் கோட்பாட்டுக்குமான சுயாதீன சமூகவெளி." பலகையைத் தொங்கவிட்ட நாளிலிருந்து மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "தம்பி, கொம்பியூட்டர் கோர்ஸ் எத்தின மாசம்? மகளச் சேக்கலாமா?"

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சைக்கிளை நிறுத்திப் பலகையை இரண்டு தரம் வாசித்தார். "விமர்சனமா? யார மனே ஏசப் போறீங்க?"

ஓட்டோ ஓட்டும் நண்பன் சுற்றி வளைக்கவில்லை. "எந்த என்ஜிஓ மச்சான்? எவ்வளவு காசு வந்த?"

மூன்றும் நியாயமான கேள்விகள். 'டிஜிட்டல்' என்றால் கணினி வகுப்பு, 'விமர்சனம்' என்றால் குறை சொல்வது, 'சமூகம்' என்றால் திட்டப் பணம் என்றுதான் நம் பக்கத்தில் இந்தச் சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. படித்தவர்களும் இவற்றை விளக்காமலே மேடையில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். அந்த மூன்று பேருக்கும் ஆறுதலாக மறுமொழி சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

## பாலமும் பாலத்தோடு வந்த வாழ்க்கையும்

அக்காவின் கேள்வியிலிருந்து தொடங்குவோம். பழைய கல்லடிப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. பாலத்தை ஒரு பொறியியலாளர் பார்த்தால் இரும்பையும் ஆணியையும் பார்ப்பார். ஆனால் பாலம் வந்தபின் வாவியைக் கடக்கத் தோணிக்காரனைக் காத்து நிற்கத் தேவையில்லாமல் போயிற்று. பின்னேரம் பாலத்தில் நின்று காற்று வாங்குவது ஒரு வழக்கமாயிற்று. பூரணை இரவில் அதன் அடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்பது ஊரின் அடையாளமாயிற்று. பாலம் கருவி. பாலத்தைச் சுற்றி நாம் கட்டிக்கொண்ட பழக்கங்கள் பண்பாடு.

போனும் அப்படித்தான். அதை இயக்கப் பழகுவது கணினி வகுப்பு. அதைச் சுற்றி நாம் கட்டிக்கொண்டிருக்கும் வாழ்க்கையே டிஜிட்டல் பண்பாடு.

ஒரு செத்தவீட்டைச் சொல்கிறேன். தாய் இறந்துவிட்டார். மகள் கட்டாரில் வீட்டு வேலைக்குப் போனவர், லீவு கிடைக்கவில்லை. பிரேதம் எடுக்கும் நேரம், பேரன், பன்னிரண்டு வயதிருக்கும், பெட்டியின் தலைமாட்டில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். ஐமோ வீடியோ அழைப்பில் மகள். அவர் வாய் அசைந்து ஒரு கணம் கழித்துத்தான் "அம்மா" என்ற சத்தம் இங்கே வந்து சேரும். அதற்குள் இங்கே பெண்கள் எடுத்த ஒப்பாரி அதை மூடிவிடும். மாமி ஒருவர் "கொஞ்சம் பொறுங்க, புள்ள கதைக்கட்டும்" என்றார். ஒப்பாரி நின்றது. மேளக்காரரும் கையை எடுத்தார். திரைக்குள்ளிருந்து மட்டும் அழுகை. பிறகு படம் அப்படியே நின்றுவிட்டது, டேட்டா முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பொடியன் றீலோட் போடச் சந்திக்கடைக்கு ஓடினான். அவன் வரும்வரை யாரும் பெட்டியில் கை வைக்கவில்லை.

பிரேதம் எடுக்க நேரம் பார்த்துக் கொடுத்த ஊர், ஒரு றீலோட்டுக்காகக் காத்து நின்றது. போனைப் பிடிப்பது யார், எந்தப் பக்கம் நிற்பது, முகத்தை எவ்வளவு நேரம் காட்டுவது, மரண அறிவித்தலை ஸ்டேட்டஸில் போட முன் யாருக்குக் கோல் எடுத்துச் சொல்ல வேண்டும்? இவற்றுக்கெல்லாம் இப்போது எழுதாத விதிகள் வந்துவிட்டன. எவரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததில்லை. அந்த விதிகள் எப்படி வந்தன, அவற்றில் எவை நாமே உண்டாக்கியவை, எவை போனுக்குள் ஏற்கனவே எழுதி வைக்கப்பட்டிருந்தவை என்று பார்ப்பதுதான் எங்கள் அறையில் நடக்கும் வேலையின் முதற்பாதி.

சுருங்கச் சொன்னால் அக்கா, இங்கே கோர்ஸ் இல்லை, சான்றிதழும் இல்லை. மகள் தாராளமாக வரலாம். நீங்களும் வாருங்கள்.

## சாறிக்கடையும் போன் திரையும்

'போனுக்குள் எழுதி வைக்கப்பட்டது' என்று சொன்னேன். அதைத் திறந்து பார்ப்போம்.

டவுனில் சாறிக்கடை ஒன்றுக்குள் ஏறுகிறீர்கள். சாறியை விரிக்கும் பொடியன் உங்கள் வாயைப் பார்ப்பதில்லை, கண்ணைப் பார்க்கிறான். மயில்நீலத்தில் உங்கள் கண் கொஞ்சம் தங்கிவிட்டால் அடுத்து விரியும் பத்தும் மயில்நீலம். பேஸ்புக், டிக்டொக், யூடியூப் திரைகளும் இதையே செய்கின்றன. எதில் விரல் நின்றது, எதை இரண்டாம் தரம் பார்த்தீர்கள், எதற்குக் கோபப்பட்டு எழுதினீர்கள் என்று கணக்கெடுத்து அடுத்ததை விரிக்கின்றன. இந்தக் கணக்கின் பெயர்தான் அல்கொரிதம். ஒரு வேலையை எந்த ஒழுங்கில், எந்த விதிப்படி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த படிமுறை அது. புட்டு அவிப்பதற்கும் படிமுறை உண்டு. வேறுபாடு என்னவென்றால், புட்டின் படிமுறை அம்மாவுக்குத் தெரியும், கேட்டால் சொல்வார். திரையின் படிமுறையை நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறது.

சாறிக்கடையோடு இன்னும் இரண்டு வேறுபாடுகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டால் முழு விளக்கமும் பிழைத்துவிடும்.

கடையில் விலைப்படுவது சாறி. போனில் டேட்டாவுக்குக் காசு போகும், ஆனால் பேஸ்புக், டிக்டொக் பார்க்க அந்த நிறுவனங்களுக்கு நீங்கள் காசு கொடுப்பதில்லை. அங்கே விலைப்படுவது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். வாங்குகிறவர் விளம்பரக்காரர். பேஸ்புக்கை நடத்தும் நிறுவனத்தின் வருமானத்தில் மிகப் பெரும் பங்கு விளம்பரத்தில்தான் வருகிறது. ஆகவே உங்களை அங்கேயே இருத்தி வைப்பது எதுவோ அதுவே முன்னுக்கு வரும். அது உண்மையா பொய்யா என்பது அந்தக் கணக்கில் பின்னால்தான் வரும்.

மற்றது, கடையில் பக்கத்தில் நிற்கும் பெண்ணும் நீங்கள் பார்க்கும் அதே சாறியைப் பார்க்கிறார். "எடுக்காதீங்க, சாயம் போகும்" என்று சொல்ல ஆள் உண்டு. போனில் ஆளுக்கொரு கடை. உங்கள் முன் விரிந்தது எது என்று அடுத்த பாயில் படுத்திருக்கும் தங்கைக்கே தெரியாது.

இது எங்கோ நடக்கும் கதையும் அல்ல. 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, "மலட்டு மாத்திரை போட்டிருக்கிறார்கள்" என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் சூழ்ந்தது. கடையில் நின்ற, தமிழ் பேசும், சிங்களம் சரியாகப் பிடிபடாத மனிதர் பயத்தில் சொன்ன சொல்லை ஒருவர் போனில் எடுத்தார். அந்த வீடியோ 'ஒப்புதல் வாக்குமூலம்' என்று நாடெங்கும் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பிறகு தெரிந்தது. மார்ச் தொடக்கத்தில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. 7 ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் உட்பட்ட தளங்களை ஏறக்குறைய ஒரு வாரம் முடக்கியது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம் அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டது.

இதற்குள் பலர் கவனிக்காத ஒரு துண்டு உண்டு. 2017 ஒக்டோபரிலிருந்து 2018 மார்ச் 1 வரை பேஸ்புக் ஆறு நாடுகளில் ஒரு பரிசோதனை நடத்தியது. செய்திப் பக்கங்களின் பதிவுகளைப் பிரதான திரையிலிருந்து எடுத்து வேறொரு மூலையில் போட்டது. நண்பர்களும் சொந்தக்காரர்களும் போடுவதும் விளம்பரமுமே முன்திரையில் மிஞ்சின. அந்த ஆறில் இலங்கையும் ஒன்று. அம்பாறைக் கடையில் வீடியோ எடுக்கப்பட்ட இரவில் அந்தப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் வன்முறை வந்தது என்று நான் சொல்லவில்லை; அதற்கு நீண்ட வேர்கள் உண்டு. ஆனால் நம் முன்திரையில் எது வரலாம் என்று நம்மைக் கேளாமலே ஒருவர் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

இதுவரை பார்த்தது: போன் ஒரு கருவி, அதைச் சுற்றி வளர்ந்த வாழ்க்கை டிஜிட்டல் பண்பாடு, அந்த வாழ்க்கையின் விதிகளில் சில பூட்டிய பெட்டிக்குள் எழுதப்படுகின்றன. பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கேட்கும் பழக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு.

## விமர்சனம் என்ற சொல்

ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். படத்துக்கு எழுதும் விமர்சனம், அயலார் செய்யும் விமர்சனம் இரண்டிலும் ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறோம். விமர்சனக் கோட்பாட்டில் அந்தச் சொல்லின் வேலை வேறு. நமக்கு இயல்பாகத் தோன்றும் ஒன்றை எடுத்து மூன்று கேள்வி கேட்கிறோம். இது ஏன் இப்படி இருக்கிறது? இப்படி இருப்பதால் யாருக்கு நன்மை? வேறு மாதிரி இருக்க முடியுமா?

வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயலை நினைத்துப் பாருங்கள். இந்த வட்டையில், அதாவது வயல்வெளியில், ஏக்கருக்கு எத்தனை மூடை, எந்த விதைநெல், எப்போது தண்ணீர் திறப்பது என்று கேட்பது ஒரு வகை அறிவு. அது இல்லாமல் சோறு இல்லை. ஆனால் அந்தக் கேள்விகளை எவ்வளவு கேட்டாலும் ஒன்று வெளியே வராது. வெயிலில் நின்று வெட்டிய முல்லைக்காரனின், அதாவது வயலில் வேலை செய்பவனின், கை ஏன் சூடு மிதித்த அன்றே வெறுமையாகிறது? வயலின் சொந்தக்காரரான போடியாருக்குப் போகும் பங்கு எப்படி முடிவாயிற்று? 'வழமை' என்று நாம் சொல்வது யாருடைய வழமை? இது இரண்டாம் வகை அறிவு. முதலாவது, இருக்கும் ஒழுங்குக்குள் நின்று கேட்கிறது. இரண்டாவது, ஒழுங்கையே கேட்கிறது.

இந்த வேறுபாட்டை 1937 இல் மக்ஸ் ஹோர்க்ஹைமர் என்ற ஜேர்மன் சிந்தனையாளர் எழுதிய கட்டுரைதான் 'விமர்சனக் கோட்பாடு' என்ற பெயரை நிலைநிறுத்தியது. முதலாவதை மரபுக் கோட்பாடு என்றும் இரண்டாவதை விமர்சனக் கோட்பாடு என்றும் அவர் பிரித்தார். அவரும் தியோடர் அடோர்னோவும் பின்னர் வானொலியையும் சினிமாவையும் இதே கண்ணால் பார்த்தார்கள். பாட்டும் கதையும் தொழிற்சாலைச் சரக்குப் போல ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வரும்போது, கேட்பவரின் ஆசையும் அதே அச்சில் வார்க்கப்படுகிறது என்றார்கள். டிக்டொக்கில் ஒரே இசைக்கு ஆயிரம் பேர் ஒரே மாதிரி ஆடுவதைப் பார்த்துவிட்டு அவர்களை வாசித்தால் நேற்று எழுதியது போல இருக்கும். எல்லாவற்றிலும் நான் அவர்களோடு உடன்படவில்லை. ரசிப்பவர்களை அவர்கள் கொஞ்சம் குறைத்து மதித்தார்கள் என்பது என் எண்ணம்.

"ஐரோப்பாக்காரனின் சரக்கு நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் அங்கிருந்து வந்தது. பழக்கம் இங்கேயும் உண்டு. மட்டக்களப்பு சீலாமுனையில் கலாநிதி சி. ஜெயசங்கர் ஊர்க் கூத்தர்களோடு சேர்ந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த கூத்தின் பாட்டிலும் பாத்திரத்திலும் பெண்ணும் சாதியும் எப்படி வருகின்றன, அதை இன்றும் அப்படியே பாட வேண்டுமா என்று கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரும் ஊரவரும் இருந்து பேசி மாற்றினார்கள். கூத்தை ஏசவில்லை, கைவிடவும் இல்லை. அதன்மேல் இருந்த அன்பினால்தான் கேட்டார்கள். ஆசிரியருக்கு நான் சொன்ன மறுமொழி இதுதான்.

## ஐந்து குறிகள்: பாமினியை வைத்து ஒரு பயிற்சி

கோட்பாடு கையில் பிடிபட வேண்டுமென்றால் ஒரு பொருளை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் அறைக்கு ஒருவர் பழைய மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அவருடைய தகப்பன் எழுதிய கவிதைகள் இருந்தன, இருபது வருடத்துக்கு முந்தியவை. எங்கள் கணினிக்கு மாற்றித் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் அரைப்புள்ளியும். அவர் முகம் இருண்டுவிட்டது. "அழிஞ்சி போச்சா?"

அழியவில்லை. அவை பாமினியில் எழுதப்பட்டவை. நம் பக்கத்து அச்சகங்களிலும் கொமினிகேஷன் கடைகளிலும் பல காலமாகப் பாவித்த எழுத்துரு அது. அதில் 'தமிழ்' என்று தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கணினியின் வயிற்றுக்குள் கிடப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். அந்தக் குறிகளுக்கு மேல் தமிழ் எழுத்தின் படம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். போர்வை இல்லாத கணினியில் உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். தேடுபொறிக்கு அந்தக் கவிதை தமிழே அல்ல.

யுனிகோட் இதை மாற்றியது. உலகின் ஒவ்வொரு எழுத்துக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவான ஓர் எண் கொடுக்கும் முறை அது. 'அ' வின் எண் 2949. எந்த நாட்டில், எந்தப் போனில் திறந்தாலும் 2949 என்றால் 'அ' தான். 1991 இல் வந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் நம் கைகளுக்கு அது வந்து சேர நீண்ட காலம் பிடித்தது.

இப்போது மூன்று கேள்விகள். ஏன் இப்படி ஆயிற்று? 1963 இல் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்ற பழைய முறையில் மொத்தம் 128 இடங்கள்தான். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழைப் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை. யாருக்கு நன்மை? அந்த மொழியில் பிறந்தவருக்கு விசைப்பலகை முதல் நாளிலேயே சொந்தம். நாம் ஆங்கில எழுத்துக்குப் போர்வை போர்த்திச் சமாளித்தோம். யுனிகோட் அமைப்பிலும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெரிய கணினி நிறுவனங்களே. வேறு மாதிரி இருக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டியவர்கள் நம்மவர்களே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் கையால் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக மின்வடிவில் சேர்த்துவருகிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்க முடியாத ஒரு சமூகத்துக்கு அதன் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

கவிதைகளை ஒரு மாற்றியில் போட்டு யுனிகோட்டுக்கு மாற்றினோம். சில இடங்களில் கொம்புகள் இடம் மாறிக் கிடந்தன. அவரும் அவருடைய மகளும் இரண்டு பின்னேரம் இருந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

## தேநீர்க்கடை, களரி, பொதுவெளி

சரி, கேள்வி கேட்க அறை எதற்கு? வீட்டிலிருந்தே கேட்கலாமே?

யூர்கன் ஹாபமாஸ் என்ற ஜேர்மன் சிந்தனையாளர் 1962 இல் எழுதிய நூலில் ஐரோப்பிய நகரங்களின் கோப்பிக் கடைகளைப் பற்றிப் பேசினார். பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கூடியவர்கள் பத்திரிகையை உரக்க வாசித்து, அரசாங்கத்தின் செயல்களைப் பற்றித் தங்களுக்குள் வாதாடினார்கள். வீடும் அல்லாத, அரச அலுவலகமும் அல்லாத, பொது விடயத்தைப் பொதுவில் வைத்துப் பேசும் இடத்துக்குப் பொதுவெளி என்று பெயர். நம் ஊரில் வாசிகசாலை அப்படி இருந்தது. தேநீர்க்கடையில் இருக்கும் வாங்குப் பலகையும் அப்படித்தான். கூத்துக் களரியும் ஒரு வகையில் அதுதான். வட்டக்களரியைச் சுற்றி ஊர் முழுக்க இருந்து, விடியும்வரை ஒரே ஆட்டத்தைப் பார்க்கிறது. தாளம் பிசகினால் எல்லோருக்கும் தெரியும். மேலே சொன்ன ஆளுக்கொரு சாறிக்கடைக்கு நேரெதிர் இது.

ஆனால் நான்ஸி ஃப்ரேசர் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1990 இல் ஹாபமாஸைப் பார்த்துக் கேட்ட கேள்வி நம் ஊருக்கும் பொருந்தும்: அந்தக் கடையில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? கூலி வேலை செய்பவர் எங்கே இருந்தார்? ஒரு பொதுவெளிக்குள் இடம் கிடைக்காதவர்கள் தமக்கென்று வேறு வெளிகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்றார் அவர். நம் தேநீர்க்கடை வாங்கில் பெண்கள் இருந்து நான் கண்டதில்லை. களரியைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள்; ஆனால் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கவில்லை.

ஆகவே ஓர் அறையைத் திறந்து 'எல்லோரும் வரலாம்' என்று எழுதி வைத்தால் போதாது. அதை நாங்கள் பிழைவிட்டுத்தான் படித்தோம். முதல் மூன்று மாதம் கூட்டம் இரவு ஏழு மணிக்கு. வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள் இருந்தது. அதிகாரத்தைப் பற்றி அழகாகப் பேசினோம். பக்கத்து ஒழுங்கைப் பெண் ஒருவர்தான் வாசலில் நின்று கேட்டார்: "கடைசி பஸ் எத்தின மணிக்கு எண்டு பாத்துத்தான் நேரம் வெச்சீங்களா?" பார்க்கவில்லை.

## காசு எங்கிருந்து?

நண்பனின் கேள்விதான் மூன்றிலும் கூர்மையானது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் வளர்ந்த எவரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். 2004 இல் இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மட்டக்களப்பும் பெரிதாக இழந்தது. உதவி வந்தது, பலரைக் காப்பாற்றியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதோடு ஒரு பழக்கமும் வந்தது. எங்களுக்கு என்ன தேவை என்று கேட்க முன், என்ன தேவை என்று எழுதினால் பணம் வரும் என்று பார்க்கும் பழக்கம்.

சுயாதீனம் என்றால் காசே இல்லாமல் நடத்துவது என்று சிலர் நினைக்கிறார்கள். மின்சாரக் கட்டணத்துக்கு அது தெரியாது. காசு கொடுப்பவர் எவராலும் கேள்வியை மாற்ற முடியாதபடி அமைத்துக்கொள்வதே சுயாதீனம்.

மேலே சொன்ன ஹோர்க்ஹைமர் தலைமை தாங்கிய சமூக ஆய்வு நிறுவனம் 1923 இல் பிராங்க்பர்ட்டில் தொடங்கியது. அதற்குக் காசு வந்தது தானிய வியாபாரத்திலிருந்து. ஆர்ஜென்டீனாவில் தானியம் வாங்கி விற்றுப் பணக்காரரான ஹெர்மன் வைலின் மகன் பீலிக்ஸ் வைல், தகப்பனின் செல்வத்தைக் கொண்டு அதை நிறுவினார். பல்கலைக்கழகத்தோடு தொடர்பு இருந்தது. பணப்பெட்டி தனியாக இருந்தது. நிதியை முன்கூட்டியே நாட்டுக்கு வெளியே நகர்த்தியிருந்தார்கள். அதனால் 1933 இல் நாசிகள் நிறுவனத்தைப் பூட்டியபோதும் வேலை நிற்கவில்லை. ஜெனீவா வழியாக 1934 இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. கோட்பாடு தப்பியதற்குப் பணப்பெட்டியும் ஒரு காரணம்.

ஒரே ஒரு பணக்காரரின் மனதை நம்பியிருப்பதும் ஆபத்துத்தான். அதற்கு நம் கோயில்களில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. இங்கே பல கோயில்களில் திருவிழா குடிக்கொரு நாள். குடி என்றால் தாய்வழி வரும் வம்சம். அன்றைய செலவு அந்தக் குடிக்கு. அடுத்த நாள் வேறு குடி. யாரும் முழுக்கோயிலையும் வாங்கிவிட முடியாது. அதே முறையில் குடிக்குள் வராதவர்கள் வெளியே நிறுத்தப்பட்டதும் உண்மை. பாடத்தை எடுக்கும்போது அதை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். எங்கள் வாடகையை 22 பேர் பங்குபோடுகிறோம். எவருடைய பங்கும் மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. காசு கொடுக்க முடியாதவர் கூட்டுவார், தேநீர் வைப்பார், பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருவார், பேச்சுரிமை ஒன்றுதான். வரவு செலவுத் தாள் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

ஒரு தடவை ஒரு நிறுவனம் முழு வாடகையையும் தர முன்வந்தது. நிபந்தனை இரண்டு: பலகையில் 'இளைஞர் தலைமைத்துவப் பயிற்சி' என்று மாற்ற வேண்டும், வருபவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் மாதாமாதம் அனுப்ப வேண்டும். முதலாவதைப் பற்றி நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்கத் தர்க்கித்தோம், ஏனென்றால் காசு உண்மையிலேயே தேவையாக இருந்தது. இரண்டாவதைப் பற்றித் தர்க்கமே வரவில்லை. பட்டியலில் பெயர் எழுதுவது இந்த மண்ணில் என்னென்னவாக முடிந்திருக்கிறது என்று இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட இடங்கள் வேறு நாடுகளிலும் உண்டு. ஜேர்மனியில் 1981 இல் தொடங்கிய கேயோஸ் கணினிக் கழகத்தினர், 1984 இல் அரசின் தபால்துறை நடத்திய கணினிச் சேவையில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். ஒரே இரவில் வங்கியொன்றிலிருந்து ஏறக்குறைய 135,000 மார்க் (அப்போதைய ஜேர்மன் நாணயம்) தங்கள் கணக்குக்கு வரச் செய்து, ஊடகங்களுக்கு அறிவித்து, திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சேவை பாதுகாப்பானது என்று சொல்லித்தான் மக்களுக்குக் கொடுத்திருந்தார்கள். யாருடைய சம்பளமும் வாங்காதவர்களால்தான் அப்படிச் செய்ய முடிந்தது.

## வியாழன் பின்னேரம்

இப்போது கூட்டம் வியாழன் மூன்றரைக்கு. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேரே வரலாம். ஆறு மணிக்கு முன் பஸ் பிடிக்கலாம். விறாந்தையில் பாய். பிள்ளைகளுக்கு ஒரு மூலையும் கலர் பென்சிலும். கழிவறைக் கதவுக்குப் புதிய தாழ்ப்பாள் போட்டோம். அதைப் போட்ட கிழமைதான் வந்த பெண்கள் முழு நேரமும் இருந்தார்கள். அந்தத் தாழ்ப்பாளின் விலையை எந்த நூலுக்கும் நாங்கள் செலவழித்ததைவிட நல்ல செலவாக நான் நினைக்கிறேன்.

ஒரு பந்தி வாசிக்கிறோம், அல்லது ஒரு போனைத் திறக்கிறோம். போன கிழமை எதிர்வீட்டு அக்கா வந்தார். தனக்கு மட்டும் கடன் விளம்பரம் ஓயாமல் வருகிறது, மகளுக்கு வருவதில்லை, ஏன் என்று கேட்டார். விளம்பரத்தின் மூலையிலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி, 'இந்த விளம்பரத்தை நான் ஏன் பார்க்கிறேன்' என்பதைத் திறந்தோம். தமிழில் நிதானமாக வாசித்தார். அவருடைய வயது வீச்சு இருந்தது. அவர் இருக்கும் இடம் இருந்தது. பெண் என்றும் இருந்தது.

"நான் கடன் கேட்டனெண்டு இதில இல்லையே," என்றார்.

இல்லை என்றோம். பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு பெண்கள் தங்கள் போன்களை எடுத்தார்கள். அவர்களுக்கும் அதே விளம்பரம், அதே காரணங்கள். மூன்று போனையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லோரும் குனிந்து பார்த்தோம்.